தண்டனையின் சுமை யார் தோளில்?



பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. இவ்வூர்களிலும் இவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இன்று பெற்றோர் இருவர் சந்தித்தால், பேச்சு விரைவில் கஞ்சாவிலும் போதை மாத்திரையிலும் வந்து நிற்கிறது. பேச்சின் முடிவில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான்: இப்போதுள்ள சட்டம் போதாது, விற்பவனைத் தூக்கிலிட வேண்டும். நம் சமூகத்துத் திருமண வீடுகளிலும், ஆலயத் திருச்சுற்றிலும் இதே சொல்லைக் கேட்கிறோம்.

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட குடும்பங்களிலிருந்து இச்சொல் எழுவது கண்டு வியக்க வேண்டுவதில்லை. கண்ணெதிரே பிள்ளை கெடுவதைப் பார்க்கும் தாயின் நெஞ்சு வேறெப்படிப் பேசும்? ஆயினும் கோபத்தில் பிறந்த தீர்ப்பைத் துலாக்கோலில் நிறுத்துப் பார்க்கும் கடமை சிராவக சிராவகியராகிய நமக்கு உண்டு. போதைப் பொருள் விற்பனைக்கு உரிய தண்டனையை மேலும் கடுமையாக்குவது அறமாகுமா? ஆகுமெனின், அக்கடுமை யார்மீது விழ வேண்டும்? இவ்வினாக்களையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

விற்கப்படுவது நஞ்சு

போதைப் பொருள் விற்பனை சிறு குற்றமன்று என்பதை முதற்கண் உறுதிசெய்துகொள்வோம். சமந்தபத்திர ஆசாரியர் அருளிய ரத்னகரண்ட சிராவகாசாரம், இல்லறத்தார் விலக்க வேண்டிய வீண் தீச்செயல்களை வகுத்துரைக்கும்போது ‘ஹிம்சாதானம்’ என்று ஒன்றைக் கூறுகிறது. உயிர்க்கொலைக்குக் கருவியாகும் நஞ்சு, ஆயுதம், நெருப்பு முதலியவற்றைப் பிறர்க்குக் கொடுத்தலே அது. சும்மா கொடுப்பதே தீவினை என்றால், அதனை விலைக்கு விற்று, வாங்கியவன் மீண்டும் வாங்காமல் இருக்க இயலாத நிலைக்கு அவனை ஆளாக்கி, அந்நிலையையே முதலீடாகக் கொண்டு வணிகம் நடத்துவது எத்தகைய தீவினை என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம் பகுதிக்கு இத்துன்பம் வரும் வழியும் அறிந்ததே. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா, காட்பாடிச் சந்திப்பைக் கடக்கும் ரயில்களிலும், சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளிலும் வந்து இறங்குகிறது. மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் வலிநிவாரணி மாத்திரைகள் அதனுடன் சேர்ந்துகொண்டன. காலணி ஒட்டும் பசையின் ஆவியை முகர்ந்து மயங்கும் சிறாரும் உளர். மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, இவ்வாறு முகரும் பழக்கம் ஒன்றே வயது வந்தோரைவிடச் சிறாரிடையே மிகுதியாக உள்ளது என்று கூறியது.

இவ்வணிகத்தின் கொடுமையை நம் பகுதி கண்கூடாகக் கண்டது 2021 செப்டம்பரில். வாணியம்பாடியில் முன்னாள் நகர்மன்ற உறுப்பினர் ஒருவர், தொழுகை முடித்துத் தம் சிறு மகனுடன் வீடு திரும்பும் வேளையில் வெட்டிக் கொல்லப்பட்டார். கஞ்சா விற்பனை பற்றி அவர் காவல்துறைக்குத் தகவல் தந்தார் என்பதே பகைக்குக் காரணம் என்று விசாரணையில் கூறப்பட்டது. ஊர் நலம் கருதி வாய் திறந்தவர்க்கு நேர்ந்த முடிவு அது. ஆதலின் இவ்வணிகத்தை நடத்துவோர்பால் இரக்கம் காட்டுக என்று எவரேனும் கூறினால் நாம் உடன்படமாட்டோம். நம் வினா வேறு. கடுமையான சட்டம் உண்மையில் எவரைப் பிடிக்கிறது என்பதே அது.

சட்டம் நடந்து வந்த பாதை

சட்டம் போதாது என்போர், சட்டம் எவ்வளவு கடுமையானது என்பதை அறிந்து பேசுதல் நன்று. போதைப் பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. ஹெராயின் போன்ற பொருள்களுக்கு அளவு எவ்வளவாயினும் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்று அது விதித்தது. தன் சொந்த நுகர்வுக்கெனச் சிறிதளவே வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவனே மெய்ப்பித்தால் மட்டும் தண்டனை குறையும். 1988-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் கடுமையானது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பொருளுடன் இரண்டாம் முறை குற்றவாளியாவோர்க்குக் கட்டாய மரண தண்டனையை அது கொண்டு வந்தது. ஜாமீன் பெறுவதையும் அரிதாக்கியது. தீய வழியில் ஈட்டிய சொத்தைப் பறிமுதல் செய்யவும் அத்திருத்தமே வழிவகுத்தது.

பத்தாண்டுக்கு மேல் இவ்வாறு நடந்தபின், 2001-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தை மீண்டும் திருத்தியது. ஏன்? பெருவணிகனுக்கென்று நெய்த வலையில் சிறு குற்றவாளிகளும் நோயாளிகளும் சிக்கிப் பல்லாண்டு சிறையில் வாடுவதை அரசே உணர்ந்தது. ஆதலால் பொருளின் அளவைக் கொண்டு சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு எனத் தண்டனை மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டது. மரண தண்டனை கட்டாயம் என்பதைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2011-இல் ஏற்க மறுத்தது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீதிபதியின் முடிவுக்கு விட்டது. தூக்குத் தண்டனை வேண்டும் என்று இன்று கேட்போர், அது 30 ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தில் ஏறிவிட்டது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கஞ்சாவின் வரலாறு இதனினும் கருதத்தக்கது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கஞ்சாவுக்கு 5 ஆண்டு வரையே சிறை. 2001-க்குப் பின், 20 கிலோவுக்கு மேற்பட்டால் 10 முதல் 20 ஆண்டு வரை கடுஞ்சிறையும், குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் ஆயின. தண்டனை இவ்வாறு பன்மடங்கு உயர்ந்தது. அதற்குப் பிந்திய கால் நூற்றாண்டில்தான் கஞ்சா நம் பள்ளிகளின் மதிலோரம் வரை வந்து சேர்ந்தது.

கள்ளச் சாராயத்திலும் இதே நடை. 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கற்பட்டுப் பகுதிகளில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச் சாராயம் அருந்தி உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் சிறையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதித்தது. அத்துயரத்தின் முன் அரசு வாளாவிருக்க இயலாது என்பதை ஏற்கிறோம். ஆயினும் மரக்காணத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடைப்பட்ட ஓராண்டில் குறைந்தது யாது? சட்டத்தில் தண்டனை இல்லாமல் இல்லை. மெத்தனால் எங்கிருந்து எக்கைகள் வழியே வருகிறது என்று தொடர்ந்து நோக்கும் கண்தான் இல்லை.

பையைச் சுமந்தவன்

நம்மிடம் எட்டாம் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவனைப் பற்றி ஈண்டுக் கூறுவோம். பெயரும் ஊரும் வேண்டா. தந்தை தோல் பதனிடும் ஆலையில் கூலித் தொழிலாளி. மகன் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். ஏற்றுமதி குறைந்து வேலை நிறுத்தப்பட்ட ஒரு பருவத்தில் அறிமுகமில்லாத ஒருவர் அவனுக்கு ஒரு கூலி வேலை சொன்னார். ரயில் நிலையத்தில் ஒரு பையை வாங்கிக்கொண்டு குறிப்பிட்ட இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். பையைத் திறக்கக் கூடாது. ஒரு பைக்கு ஒரு வாரக் கூலியினும் மிகுதியான பணம். உள்ளே இருப்பது நல்ல பொருளன்று என்பது அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மூன்றாம் முறை பிடிபட்டான். அனுப்பியவரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கைபேசி எண் மட்டுமே. அவன் பிடிபட்ட அன்றே அந்த எண் அணைந்துவிட்டது.

அவன் தாய் நம்மைக் காண வந்தபோது கூறியது இது: “டீச்சர், அவன் செஞ்சது தப்புதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பையைக் குடுத்தவன் யாருன்னு யாருமே கேக்கலையே. இப்போ எங்க தெருவிலேயே வேற ஒரு புள்ள போயிட்டு வருதாம்.”

இந்தத் தாயின் சொல்லில் சட்டத்தின் ஒரு குறை முழுதும் அடங்கியுள்ளது. சட்டம் குற்றத்தைக் கிலோ கணக்கில் நிறுக்கிறது. 21 கிலோ சுமந்தவனுக்குக் குறைந்தது 10 ஆண்டு. அச்சுமையை விலைக்கு வாங்கி, ஏற்றி, இறக்கி, இலாபம் கண்டவன் கையில் ஒரு கிராமும் இருப்பதில்லை. தராசில் ஏற அவனிடம் ஏதுமில்லை. அவனுக்கெனச் சட்டத்தில் பிரிவு இல்லாமலில்லை. பணம் கொடுத்து இவ்வணிகத்தை நடத்துவோர்க்கும், அவர்க்கு அடைக்கலம் தருவோர்க்கும், சதி செய்வோர்க்கும் உரிய தண்டனைகளும் அதே சட்டத்தில் உள்ளன. ஆயினும் சதியை மெய்ப்பிக்கக் கணக்கும் சாட்சியும் பொறுமையும் வேண்டும். பையை மெய்ப்பிக்கப் பை ஒன்றே போதும். எளிதில் மெய்ப்பிக்கத்தக்க குற்றத்தின்மேலேயே தண்டனை குவிவது இயல்பாகிவிட்டது. இந்நிலையில் தண்டனையை மட்டும் உயர்த்தினால், உயர்த்திய அளவு முழுதும் அந்தச் சுமைகூலியின் தோளில்தான் ஏறும்.

அகிம்சை அணுவிரதத்துக்கு நம் ஆசாரியர்கள் ஐந்து அதிசாரங்களைக் கூறியுள்ளனர். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், தாங்கும் அளவுக்கு மேல் பாரமேற்றல், உணவு நீரைத் தடுத்தல் என்பன அவை. பாரமேற்றல் பற்றிக் கூறும்போது வண்டிமாட்டையே நாம் எண்ணுகிறோம். ஒருவன் செய்த வினையின் தண்டனையை மற்றொருவன் முதுகில் ஏற்றுவதும் அதிபாரமே ஆகும் என்பது நம் கருத்து. தான் செய்த அளவுக்கு அவன் தண்டனை ஏற்கட்டும். அனுப்பியவனுக்குரிய பங்கையும் அவனே சுமக்க வேண்டும் என்பது நீதியாகாது.

இதனை நமக்கு உணர்த்தும் பெருங்காப்பியம் ஒன்று உண்டு. கவுந்தியடிகள் துணைவர மதுரைக்குச் சென்ற கோவலன் ஏன் மாண்டான்? சிலம்பு அவன் கையில் இருந்தது. கையில் இருந்த பொருளே குற்றத்தின் சான்றாயிற்று. உண்மையில் அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், அரசனுக்கு உதவி புரிந்தவனாக அங்கேயே நின்றான். பாண்டியன் தீயவன் அல்லன். களவுக்குக் கடுந்தண்டம் என்ற விதியும் அவனுடையது மட்டுமன்று. விசாரியாது விரைந்ததே அவன் பிழை. கடுமையும் விரைவும் ஒன்றுசேர்ந்தால் தண்டனை எளியவனிடம் போய்ச் சேருகிறது. திரும்பப் பெற இயலாத தண்டனையாயின் பிழையைத் திருத்தவும் வழியில்லை.

இற்றைநாள் நீதிமன்றங்களும் இவ்வச்சத்தை அறிந்துள்ளன. தமிழ்நாட்டில் எழுந்த ஒரு போதைப் பொருள் வழக்கில், புலனாய்வு அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு ஒருவனைக் குற்றவாளியாக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தண்டனை எவ்வளவு பெரிதோ, மெய்ப்பிக்கும் கடமையும் அவ்வளவு பெரிது என்பதே அதன் அடிக்கருத்து.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்போர்க்கு

இவ்விடத்தில் அன்பர்கள் சிலர் சிங்கப்பூரைச் சுட்டுவர். நம் உறவினர் பலர் அங்குள்ளனர். 1975 முதல் அங்குப் போதைப் பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு. இரவில் பெண்கள் அச்சமின்றி நடக்கிறார்கள். இங்கும் அவ்வாறு செய்தால் என்ன என்பர். இவ்வினா நியாயமானதே, விடையும் நேர்மையாகக் கூற வேண்டும்.

சிங்கப்பூர் ஒரு சிறு தீவு. அதன் வாயில்கள் எண்ணத்தக்கவை. குற்றம் புரிந்தால் அகப்படுவோம் என்ற அச்சம் அங்குள்ளது. அவ்வச்சத்தில் தூக்குக் கயிற்றின் பங்கு எவ்வளவு, தப்ப முடியாது என்ற எண்ணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மேலும் அந்நாடே 2012-இல் தன் சட்டத்தைத் திருத்தியது. வெறும் சுமப்பவனாக இருந்து, அனுப்பியவரைப் பிடிக்க உண்மையாக உதவியவனுக்கு, மரண தண்டனைக்கு மாற்றாக ஆயுள் சிறை விதிக்க நீதிபதிக்கு இடமளித்தது. உலகில் மிகக் கடுமையான சட்டங்களுள் ஒன்றே சுமப்பவனையும் அனுப்புபவனையும் வேறு பிரிக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் அத்திருத்தமும் எல்லாரையும் காக்கவில்லை. மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவர் 43 கிராமுக்குச் சற்றுக் குறைந்த ஹெராயினுடன் 2009-இல் பிடிபட்டு, 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அறிவுத்திறன் குறைந்தவர் என்ற மதிப்பீடு நீதிமன்றத்தின் முன் இருந்தது. அவரை அனுப்பியவர்கள் அதன்பின் வேறொருவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. சட்டமும் இன்றித் தண்டித்த நாடும் உண்டு. பிலிப்பைன்ஸில் 2016 முதல் போதைப் பொருளுக்கு எதிரான போர் என்ற பெயரில், அரசின் கணக்குப்படியே 6,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் குடிசைவாழ் ஏழைகள். அப்போரை நடத்திய முன்னாள் குடியரசுத் தலைவர் 2025 மார்ச் மாதத்தில் கைதாகிப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நமக்குக் கற்பிக்கப்பட்டு, பின்னர் முப்பதாண்டு வகுப்பறையில் நாம் கண்டு தெளிந்த உண்மை ஒன்றுண்டு. பிரம்பு நீண்டதால் குறும்பு குறைந்த வகுப்பை நாம் கண்டதில்லை. ஆசிரியர் வீட்டுப்பாடத்தை நாள்தோறும் தவறாது பார்ப்பார் என்று அறிந்த வகுப்பில், பிரம்பே இல்லாமல் பாடம் எழுதி வந்தனர். மாதம் ஒருமுறை பார்த்து, அகப்பட்ட ஒருவனைக் கடுமையாக அடித்த வகுப்பில், மற்றவர்கள் அவனுக்காக இரங்கினர். எழுதுவதில்லை என்பதில் மாற்றமில்லை. தண்டனை சிறிதாயினும் தவறாது வரும் என்ற உறுதியே மனத்தைத் திருத்துகிறது. பெரிதாயினும் வராது போகலாம் என்ற நம்பிக்கை தீச்செயலுக்கு உரமாகிறது.

இதற்குச் சான்று வெளிநாட்டில் தேட வேண்டா. நம் பாலாறே சான்று. வேலூர்ப் பகுதி மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் பெருந்தீர்ப்பு ஒன்றை வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது அத்தீர்ப்பால். தோல் ஆலைகளுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. சட்டம் பயிலும் மாணவர் நாடெங்கும் அத்தீர்ப்பைப் படிக்கின்றனர். ஆனால் 2025 ஜனவரியில், அதே பாலாற்று மாசுக்காக, அதே உச்ச நீதிமன்றம் மீண்டும் விரிவான ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. இடையில் சென்றது 28 ஆண்டுக்கு மேல். சொல் கடுமையாகவே இருந்தது. ஆலையின் குழாயை நாள்தோறும் சென்று பார்க்கும் ஏற்பாடுதான் தளர்ந்து கிடந்தது. ஆற்றுக்கு நேர்ந்தது பிள்ளைகளுக்கும் நேரக் கூடாது.

செய்தல், செய்வித்தல், உடன்படல்

அவ்வாறாயின் கடுமையே வேண்டாவா? வேண்டும். எங்கு வேண்டும் என்பதற்கு நம் தத்துவமே வழி காட்டுகிறது. வினை மூவகையால் வந்து சேரும் என்று தத்துவார்த்த சூத்திரம் பகர்கிறது. தான் செய்தல் கிருதம். பிறரைக் கொண்டு செய்வித்தல் காரிதம். செய்தவருக்கு உடன்படுதல் அனுமதம். கொலை செய்யாத கையும், கொலையை ஏவியிருந்தால், கொலைக்குரிய வினையை ஏற்கும். நாம் நோன்பு ஏற்கும்போது மூன்றையும் சேர்த்தே விலக்குகிறோம்.

இன்றைய நடைமுறை கிருதத்தை மட்டும் எளிதில் காண்கிறது. காரிதத்தை நோக்கிக் கடுமை நகர வேண்டும் என்பதே நாம் கூற வருவது. பையுடன் பிடிபட்டவனிடம் விசாரணை முடிந்துவிடாமல் அங்கிருந்து தொடங்க வேண்டும். எந்த எண், எந்தக் கணக்கு, எந்த வண்டி, யார் பெயரில் வாங்கிய மனை என்று மேல்நோக்கிச் செல்ல வேண்டும். தமிழ்நாடு காவல்துறை 2021 டிசம்பரில் ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’ என்ற பெயரில் தொடங்கிய நடவடிக்கைகளில், கடத்துவோரின் வங்கிக் கணக்குகளை முடக்கும் முறையும் சேர்ந்தது. பணத்துக்காக நடக்கும் தீவினையைப் பணத்தின் வழியே மடக்குவது, ஓர் இளைஞனுக்கு 10 ஆண்டை 20 ஆண்டாக்குவதினும் வலிது. அதில் உயிர்க்கேடும் இல்லை.

சிறுவரைக் கருவியாக்குவோரிடம் சட்டம் சிறிதும் தளரக் கூடாது. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், சிறுவருக்குப் போதைப் பொருள் கொடுப்போர்க்கும், சிறுவரைக் கொண்டு அதனை விற்கவோ சுமக்கவோ செய்வோர்க்கும் 7 ஆண்டு வரை கடுஞ்சிறை விதிக்கிறது. பள்ளிச் சிறுவன் ஒருவன் பிடிபடும்போதெல்லாம், அவன் கையில் கொடுத்தவன்மீது இப்பிரிவில் வழக்கு எழுந்ததா என்று கேட்பதே பெற்றோர் சங்கங்களின் முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

தகவல் தருவோரைக் காப்பதும் கடுமையின் ஒரு பகுதியே. வாணியம்பாடியில் நடந்தது மீண்டும் நடக்குமாயின், எந்த ஊரிலும் எவரும் வாய் திறவார். சாட்சிகளைக் காக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்று, நாடெங்கும் செயற்படுத்தப் பணித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், மாநிலங்கள் அத்தகைய திட்டத்தை வகுக்க வேண்டும் என்கிறது. ஏட்டில் உள்ள இத்திட்டம் ஆம்பூர்த் தெருவில் வாழும் ஒருவர்க்கு எட்டுமாறு செய்வது, புதிய தண்டனைப் பிரிவு ஒன்றை எழுதுவதினும் அவசரமான பணியாகும்.

போதைக்கு அடிமையானவனோ செய்பவனும் அல்லன், செய்விப்பவனும் அல்லன், கேடுற்றவன். சிகிச்சை பெறத் தானே முன்வரும் நோயாளியைச் சிறு அளவுக் குற்றங்களுக்காக வழக்கிலிருந்து விடுவிக்கச் சட்டத்தின் 64-ஏ பிரிவு வகைசெய்கிறது. இதனை அறியாமலே பல குடும்பங்கள், வெளியே சொன்னால் பிள்ளை சிறைக்குப் போவான் என்று அஞ்சி மறைக்கின்றன. மறைத்த ஆண்டுகளில் நோய் முற்றுகிறது, கடன் ஏறுகிறது, கடைசியில் நோயாளியே மருந்துக் காசுக்காகப் பை சுமக்கிறான். தண்டனையை எல்லார்க்கும் ஒருசேரக் கடுமையாக்கினால் இவ்வச்சம் இன்னும் மிகும்.

நம் பங்கு

எஞ்சி நிற்பது மூன்றாம் வகையாகிய உடன்படல். இதனைச் சட்டம் காண்பது அரிது. நாமே நம்மிடம் காண வேண்டும். வாடகை மிகுதியாக வருகிறதென்று, யார் எவரென்று கேளாமல் அறையைத் திறந்துவிடும் வீட்டுக்காரர் உடன்படுகிறார். மருத்துவர் சீட்டைக் கேளாமல் அட்டை அட்டையாக மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கடைக்காரர் உடன்படுகிறார். பசை டப்பாவைச் சிறுவன் கையில் எதற்கென்று கேளாமல் விற்பவர் உடன்படுகிறார். களைப்புத் தீரத் தொழிலாளி எதையோ மெல்லுகிறான், வேலை நடந்தால் போதும் என்றிருக்கும் மேற்பார்வையாளரும் உடன்படுகிறார். மது, புலால், தேன் மூன்றையும் விலக்கியவர்கள் என்று பெருமை பேசும் நாம், அடுத்த வீட்டுப் பிள்ளையின் கண் சிவந்திருப்பதைப் பார்த்தும், நமக்கேன் என்று கதவைச் சாத்தினால், அதுவும் இவ்வகையைச் சார்ந்ததே.

தூக்கிலிட வேண்டும் என்று சொல்வது எளிது. அச்சொல்லைச் சொன்னவுடன் நம் கடமை முடிந்தது போன்ற நிறைவு வருகிறது. அந்த நிறைவே ஆபத்தானது. தொலைவில் எவனோ ஒருவனுக்குக் கிடைக்கும் கடுந்தண்டனை, நம் தெருவில் நாம் கேளாமல் விட்ட கேள்விக்கு ஈடாகாது.

செய்யத்தக்கன சில கூறி முடிக்கிறோம். வீடு வாடகைக்கு விடும் அன்பர்கள் ஆளறிந்து விடுக. மருந்துக்கடை நடத்தும் நம்மவர் மருத்துவர் சீட்டின்றி வலிநிவாரணி தருவதில்லை என்பதை ஒரு விரதமாகவே ஏற்க. ஹிம்சாதான விலக்கின் இன்றைய வடிவம் அது. விற்பனை பற்றி அறிந்தால் தமிழ்நாடு மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் 10581 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். வீட்டில் ஒருவர் இந்நோய்ப்பட்டால் 14446 என்ற தேசிய உதவி எண் உண்டு. வேலூரை அடுத்த பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மருத்துவமனை உள்ளது. சென்னையில் 1980-இல் தொடங்கப்பெற்ற டி.டி. ரங்கநாதன் நிலையம் உள்ளது. காய்ச்சலுக்கு மருத்துவமனை செல்ல நாணாத நாம் இதற்கும் நாண வேண்டுவதில்லை.

நம் ஆலயங்களில் கூடும் மகளிர் சங்கங்கள், சிறையிலிருந்து திரும்பும் இளைஞர் ஒருவர்க்கேனும் வேலை தேடித் தரட்டும். மேலே கூறிய மாணவனின் வழக்கு இன்னும் முடியவில்லை. அவன் குற்றமற்றவன் என்று நாம் வாதிடவில்லை. அவன் வெளிவரும் நாளில் முதலில் அவனைத் தேடி வருபவர் பழைய பையைக் கொடுத்தவராக இருக்கக் கூடாது என்பதே நம் கவலை. அதற்குள் அவனுக்கு ஒரு தையல் எந்திரமோ ஒரு வேலையோ ஏற்பாடு செய்ய அவ்வூர்த் தாய்மார் சிலர் முன்வந்துள்ளனர்.

அறம் வளர்க! ஆருயிர் அனைத்தும் வாழ்க!